முழம், கஜம், திராஉ: அளவை மாற்றமும் மார்க்கச் சட்டமும்

நம் பள்ளிவாசல்களில் அவ்வப்போது எழும் கருத்து வேறுபாடுகளுள் சில, மேலோட்டமாகப் பார்ப்பதற்கு மார்க்கச் சட்டம் பற்றியனவாகத் தோன்றும். ஆழ்ந்து நோக்கினால் அவை அளவை பற்றியனவாகவே முடியும். உளூச் செய்வதற்கான ஹவ்ள் எவ்வளவு நீள அகலம் கொண்டிருக்க வேண்டும்? எவ்வளவு தொலைவு சென்றால் தொழுகையைச் சுருக்கித் தொழலாம்? துணி விற்பவன் சொன்ன அளவு குறைந்தால் வாங்கியவனுக்குள்ள உரிமை என்ன? இவற்றுக்கெல்லாம் அரபு ஃபிக்ஹு நூல்கள் 'திராஉ' என்னும் ஒரே சொல்லைக் கொண்டு விடை கூறுகின்றன. உருது நூல்கள் அச்சொல்லைப் பல இடங்களில் 'கஜம்' என்று பெயர்த்தன. தமிழ் நூல்கள் 'முழம்' என்றன. இன்று நம் கையில் இருப்பதோ மீட்டர் நாடா. இச்சொற்கள் ஒன்றோடொன்று எவ்வாறு பொருந்துகின்றன, எங்கே பொருந்தாமல் போகின்றன என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முழமும் கஜமும்

முழங்கை முனையிலிருந்து நடுவிரல் நுனி வரை உள்ள நீளமே முழம். விரித்த கையின் பெருவிரல் நுனிக்கும் சிறுவிரல் நுனிக்கும் இடைப்பட்டது சாண். 12 விரல் ஒரு சாண். 2 சாண் ஒரு முழம். ஆக 24 விரல் ஒரு முழம். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் கிடைக்கும் நீளம் பாகம். அது 4 முழம். 'எண் சாண் உடம்பு' என்னும் வழக்கு இக்கணக்கிலிருந்தே பிறந்தது. ஒவ்வொருவர் உயரமும் அவரவர் சாணால் ஏறத்தாழ எட்டு. அவரவர் முழத்தால் நான்கு.

கஜம் என்பது பாரசீகச் சொல்லான 'கஸ்' தமிழில் அடைந்த வடிவம். யானையைக் குறிக்கும் வடசொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. முஸ்லிம் ஆட்சியாளர்களின் நிருவாகத்தோடும் துணி வணிகத்தோடும் இச்சொல் இந்திய மொழிகளில் பரவியது. ஆனால் பழைய கஜம் எல்லா இடத்திலும் ஒரே நீளம் உடையதாக இருக்கவில்லை. அக்பர் (1556-1605) நிலைநிறுத்திய 'இலாஹி கஜம்' 41 விரல் கொண்டது. பிற்காலத்தில் ஆங்கில அரசு வட இந்திய நில அளவையின் பொருட்டு அதனை 33 அங்குலம் என வரையறுத்தது. தமிழகத்தில் இன்று கஜம் என்றால் 36 அங்குலமுள்ள ஆங்கிலேயரின் 'யார்டு' மட்டுமே நினைவுக்கு வரும். பழைய பெயர் நிலைக்க, அதன் பொருள் மாறிவிட்டது.

ஐரோப்பிய வணிகர்கள் சோழமண்டலக் கரையில் துணி வாங்கியபோது, நம்மவர் முழத்தைப் போர்த்துக்கீசியச் சொல்லின் வழியாகக் 'கோவிட்' என்று அழைத்தனர். சென்னை வட்டாரத்தில் அது 18 அங்குலமாகக் கொள்ளப்பட்டது. இரண்டு கோவிட் ஒரு யார்டு என்னும் எளிய கணக்கு இதனால் அமைந்தது. கடைத்தெருவில் இன்றும் நிலவும் வாய்பாடு இதுவே: 2 முழம் 1 கஜம், 1 முழம் 18 அங்குலம், 1 கஜம் 36 அங்குலம். 1959இல் ஆங்கில மொழி வழங்கும் நாடுகள் ஒரு யார்டு 0.9144 மீட்டர் என்று உடன்பட்டன. அதன்படி முழம் 0.4572 மீட்டர், அதாவது 45.72 சென்டிமீட்டர்.

எட்டு முழ வேட்டி 4 கஜம், அதாவது 3.66 மீட்டர், நாலு முழ வேட்டி 2 கஜம், 1.83 மீட்டர். ஆறு கஜப் புடவை 12 முழம், 5.49 மீட்டர்; ஒன்பது கஜப் புடவை 18 முழம், 8.23 மீட்டர். முழத்தைக் கஜமாக்க இரண்டால் வகுக்க வேண்டும். கஜத்தை முழமாக்க இரண்டால் பெருக்க வேண்டும். இவ்வளவில் நின்றிருந்தால் இதைப் பற்றி ஒரு கட்டுரைக்கே தேவை இராது. சிக்கல் எழுவது 'எந்த முழம், எந்தக் கஜம்' என்ற வினாவிலேதான்.

கொடும்பாளூரும் கோலளவும்

இவ்வினாவின் ஆழத்தை உணரப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர் நல்ல சான்று. திருச்சி மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலைக்குத் தெற்கே அமைந்த இவ்வூர், உறையூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் பழைய பெருவழியில் இருந்தது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வழி கூறப்படுமிடத்தில், இவ்வூர்ப் பெருங்குளத்தருகே பாதை மூன்றாகப் பிரிவது சுட்டப்படுகிறது. பின்னர் இருக்குவேளிர் என்னும் குறுநில மன்னரின் தலைநகராக விளங்கியது. அவர்களுள் பூதி விக்கிரமகேசரி தம் பெயராலும் தம் தேவியர் இருவர் பெயராலும் எடுப்பித்த மூவர் கோயில், பத்தாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகப் பெரும்பாலோரால் கருதப்படுகிறது. மூன்று விமானங்களுள் இரண்டு இன்றும் நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது.

இவ்விமானங்களின் அடிப்பகுதி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 21 அடிச் சதுரம். கடை வாய்பாட்டில் வைத்துப் பார்த்தால் இது 14 முழம், அல்லது 7 கஜம். முழு எண்ணாக வருவதைக் கண்டு, கட்டியவர் 18 அங்குல முழத்தைப் பயன்படுத்தினார் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். அது பிழையாகிவிடக்கூடும். ஏனெனில் சிற்பிகளிடையே வழங்கும் தச்சு முழம் வேறு. அது 2 அடி 9 அங்குலம், அதாவது 33 அங்குலம். அந்த முழத்தால் அதே 21 அடி ஏழரை முழத்தைச் சற்றே தாண்டும். ஒரே சுவர், ஒரே 'முழம்' என்னும் சொல், இரண்டு விடைகள்.

நில அளவையில் வேறுபாடு இன்னும் மிகுதி. சோழர் காலக் கல்வெட்டுகள் நிலத்தைக் குறிக்கும்போது எந்தக் கோலால் அளக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லும் வழக்கம் உண்டு. பதினாறு சாண் கோல் என்பது அவற்றுள் ஒன்று. சாணை 9 அங்குலமாகக் கொண்டால் அது 8 முழம், 4 கஜம். பன்னிரு சாண் கோல் முதலிய பிறவும் இருந்தன. முதலாம் இராசராசன் காலத்திலும், முதலாம் குலோத்துங்கன் காலத்தில் 1086இலும் நாடு முழுவதும் நிலம் அளக்கப்பட்டபோது கோலின் அளவும் அரசு காரியமாயிற்று. தமிழகக் கோயில்கள் பலவற்றின் சுவரிலும் அடித்தளத்திலும் அளவுகோல்கள் கல்லில் செதுக்கி வைக்கப்பட்டிருப்பது இதன் தொடர்ச்சியே. மரக்கோல் தேயும், ஒடியும், கை மாறும். கல்லில் வெட்டிய கோலை எவரும் எப்போதும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஓர் எண்ணைச் சொல்பவன் அதன் கோலையும் சொல்ல வேண்டும் என்னும் அந்த ஒழுங்கு, நம் ஃபுகஹாக்கள் கைக்கொண்ட ஒழுங்கோடு வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போகிறது.

திராஉ என்னும் அளவை

அரபியரின் அளவைகளும் மனித உடலிலிருந்தே பிறந்தவை. ஷிப்ர் என்பது சாண். திராஉ என்பது முழம். பாஉ என்பது பாகம். அடியான் ஒரு சாண் நெருங்கினால் இறைவன் ஒரு முழம் நெருங்குவதாகவும், அடியான் ஒரு முழம் நெருங்கினால் இறைவன் ஒரு பாகம் நெருங்குவதாகவும் கூறும் ஹதீஸ் குத்ஸியை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். அதில் இம்மூன்று அளவைகளும் ஏறுவரிசையில் அமைந்துள்ளன. அல்ஹாக்கா அத்தியாயத்தில் எழுபது முழச் சங்கிலி பேசப்படுகிறது. இவ்விடங்களில் எவ்வளவு சென்டிமீட்டர் என்று கேட்பது பொருந்தாது. நெருக்கத்தையும் கடுமையையும் உணர்த்துவதே அங்கு நோக்கம்.

சட்டம் பேசும் இடங்களில் நிலைமை வேறு. அங்கே எண் துல்லியமாக இருந்தாக வேண்டும். எனவே இமாம் நவவி (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 676, கி.பி. 1277) போன்றோர் முழத்தைப் படிப்படியாக வரையறுத்தனர். ஒரு திராஉ குறுக்காக அடுக்கிய 24 விரல். ஒரு விரல் 6 வாற்கோதுமை மணிகளின் அகலம். தமிழ்க் கணக்கிலும் முழத்துக்கு 24 விரல். வடமொழி நூல்களின் ஹஸ்தத்துக்கும் 24 அங்குலம். பண்டைய கிரேக்கரின் முழத்துக்கும் 24 விரல். மனிதக் கை எங்கும் ஒன்றே என்பதால் எண்ணும் ஒன்றாயிற்று. ஆனால் 24 என்ற எண் ஒன்றானதால் நீளமும் ஒன்றாகிவிடாது. விரலின் பருமனே ஊருக்கு ஊர் வேறுபடுகிறது.

கெய்ரோ நகரின் ரவ்ளா தீவில் 861இல் கலீஃபா முதவக்கில் காலத்தில் அமைக்கப்பட்ட நைல் அளவைத் தூணின் முழம் ஏறத்தாழ 54 சென்டிமீட்டர். அதற்குச் சில பத்தாண்டுகள் முன்னர், கலீஃபா மஃமூனின் வானியலாளர்கள் பாலைநிலத்தில் பூமியின் ஒரு பாகையை அளந்து 56⅔ மைல் என்றனர். அம்மைல் 4000 முழம். ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்று இன்று நாம் அறிவோம். அவர்களின் அளவீடு பிழையற்றது என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பார்த்தால், ஒரு முழம் 49 சென்டிமீட்டர் அளவில் வரும். ஆக, 45.72 சென்டிமீட்டர் என்னும் நம் முழம் இஸ்லாமிய உலகின் பல முழங்களுள் ஒன்று. அவற்றுள் சிறியவற்றைச் சார்ந்தது.

ஹவ்ளின் அளவு

தமிழகத்தில் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி மத்ஹபும் பெரும்பான்மையாகப் பின்பற்றப்படுகின்றன. நீரின் சட்டத்தில் இவ்விரண்டும் முழத்தை வெவ்வேறு வகையில் ஆள்கின்றன.

ஹனஃபி மத்ஹபில் பிற்கால அறிஞர்கள் மக்களின் எளிமை கருதி, 10 முழ நீளமும் 10 முழ அகலமும் உள்ள தேங்கிய நீரை 'மிகுந்த நீர்' என்று வரையறுத்தனர். அத்தகைய நீரில் அசுத்தம் விழுந்தாலும் நிறம், சுவை, மணம் மாறாதவரை அது தூய்மை இழக்காது. ஹிதாயாவின் ஆசிரியர் இமாம் மர்கீனானி (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 593, கி.பி. 1197) இங்கு எந்த முழம் என்பதையும் சொல்லிவிடுகிறார்: துணி அளக்கும் முழம், அதாவது திராஉல் கிர்பாஸ். காழீகான் (ரஹ்) போன்றோர் நில அளவை முழத்தை விரும்பினர். அந்தந்தக் காலத்தில் அந்தந்த ஊரில் வழங்கும் முழமே கணக்கு என்னும் கருத்தும் முஹீத் முதலான நூல்களில் வலுவாக இடம்பெற்றுள்ளது. துணிக்கடை முழத்தைக் கொண்டு நீர்த்தடாகத்தை அளக்கச் சொன்னதில் நுட்பமான நீதி உண்டு. ஊரில் எவரும் உடனே எடுத்துச் சரிபார்க்கக்கூடிய கோல் துணிக்கடையில்தானே இருக்கும்!

18 அங்குல முழத்தால் 10 முழம் என்பது 15 அடி. பரப்பு 225 சதுர அடி, அதாவது 20.9 சதுர மீட்டர். வட்டமான ஹவ்ளுக்குச் சுற்றளவு 36 முழம் என்பர். இது 54 அடி. குறுக்களவு ஏறத்தாழ 17 அடி 2 அங்குலம். பரப்பு 103 சதுர முழம். 100 சதுர முழத்துக்குச் சற்றே கூடுதலாக முழு எண்ணில் அமையும்படி இது வகுக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கேதான் உருது நூல்களின் 'கஜம்' நம்மைத் திகைக்க வைக்கிறது. அந்நூல்கள் திராஉக்கு ஈடாகக் கூறும் 'ஷரயீ கஜம்' 24 விரல் கொண்டது. நம் ஒரு முழம். அதனைக் கடைக் கஜமாக எண்ணி 10 கஜத்துக்கு 10 கஜம் என்று பொருள் கொண்டால், 30 அடிக்கு 30 அடி தேவைப்படும். பரப்பு 900 சதுர அடி. நீளத்தில் இரண்டு மடங்காகும் பிழை பரப்பில் நான்கு மடங்காகிறது. இதனால் சட்டப்படி முற்றிலும் நிறைவான ஒரு ஹவ்ளைக் குறையுடையது என்று கருதவும், சிற்றூர் ஜமாஅத் ஒன்றின்மீது தேவையற்ற செலவைச் சுமத்தவும் வழி ஏற்படுகிறது. எதிர்த்திசையிலும் பிழை நேரலாம். நூல் முழம் என்று கூற, கட்டுபவர் தச்சு முழத்தைக் கொண்டால் ஹவ்ள் 27½ அடிச் சதுரமாக வளரும். அது பெரிதாவதால் சட்டத்துக்கு ஊறு இல்லை.

ஷாஃபிஈ மத்ஹபில் அளவு 'இரண்டு குல்லத்'. சதுரத் தொட்டியில் அது நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றேகால் முழம். 18 அங்குல முழத்தால் 22½ அங்குலம். கொள்ளளவு ஏறத்தாழ 187 லிட்டர். முழத்தை 48 சென்டிமீட்டராகக் கொள்வோர்க்கு 216 லிட்டர். இங்கே முழத்துக்குப் பதில் 36 அங்குலக் கஜத்தை வைத்தால் 1,493 லிட்டர் வரும். பிழை எட்டு மடங்கு. நீளத்தில் இரண்டு, பரப்பில் நான்கு, கன அளவில் எட்டு என்னும் இவ்விதியை நினைவில் வைத்தால் பல குழப்பங்கள் தவிர்க்கப்படும். இரண்டு குல்லத் என்பது ஏறத்தாழக் கொள்ளும் அளவே என்று ஷாஃபிஈ நூல்கள் தெளிவாக்குவதால், ஓரிரு லிட்டர் குறித்து ஐயுற வேண்டியதில்லை. வீட்டு மாடியில் வைக்கும் 500 லிட்டர் தொட்டி நிறைந்திருக்கும்போது, மேற்கண்ட இரு கணக்கிலும் இரண்டு குல்லத்தைத் தாண்டியதே.

கொடும்பாளூரிலிருந்து மதுரைக்கு

பயணத் தொழுகையில் அளவையின் விளைவு இன்னும் தெளிவாகப் புலப்படும். ஷாஃபிஈ மத்ஹபில் சுருக்கித் தொழுவதற்கான தொலைவு 16 ஃபர்ஸக், அதாவது 48 ஹாஷிமி மைல். ஒரு மைலுக்கு எத்தனை முழம் என்பதில் அறிஞர்கள் வேறுபட்டனர். இமாம் நவவி (ரஹ்) 6000 முழம் என்றார். பரவலாக வழங்கும் மற்றொரு கணக்கு 4000 முழம்.

4000 முழக் கணக்கில் 48 மைல் என்பது 1,92,000 முழம், கஜத்தில் 96,000, ஆங்கில மைலில் 54½, கிலோமீட்டரில் 87.8. 6000 முழக் கணக்கில் 2,88,000 முழம், 1,44,000 கஜம், ஏறத்தாழ 82 ஆங்கில மைல், 131.7 கிலோமீட்டர். ஷாஃபிஈ உலமாக்கள் பலர் கூறும் 132 கிலோமீட்டர் இதிலிருந்தே வந்தது. ஹனஃபி மத்ஹபில் அடிப்படை மூன்று நாள் நடைப் பயணம். அதனைத் தேவ்பந்த் வழி உலமாக்கள் 48 ஆங்கில மைலாக மதிப்பிட்டனர். அது 84,480 கஜம், 77¼ கிலோமீட்டர். 48 என்ற எண் இரு இடத்திலும் வந்தாலும் மைல் வேறு என்பதை மறத்தலாகாது.

இப்போது பழைய பெருவழிக்கே திரும்புவோம். கொடும்பாளூரிலிருந்து திருச்சி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். எந்தக் கணக்கிலும் அது பயணத் தொலைவு ஆகாது. மதுரையோ 90க்கும் 100க்கும் இடைப்பட்ட கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கிருந்து மதுரை செல்பவர் 77¼ என்னும் கணக்கில் பயணி, 87.8 என்னும் கணக்கிலும் பயணி, 131.7 என்னும் கணக்கில் பயணி அல்லர். ஒரே பேருந்தில் வந்திறங்கிய இருவருள் ஒருவர் லுஹரை இரண்டு ரக்அத்தாகவும் மற்றவர் நான்காகவும் தொழுதால், அவர்களுள் ஒருவர் மார்க்கத்தை அறியாதவர் என்று எண்ணுவதற்கில்லை. இருவரும் 48 மைல் என்பதில் உடன்பட்டிருக்கலாம். மைலுக்கு எத்தனை முழம் என்பதில் அவரவர் இமாமைப் பின்பற்றியிருக்கலாம்.

கடைத்தெருவில் முழம்

வணிகத்தில் ஃபுகஹாக்கள் காட்டிய விழிப்பு தனிச் சிறப்புடையது. முன்பணம் கொடுத்துப் பின்னர் சரக்குப் பெறும் ஸலம் ஒப்பந்தத்தில், அளவு அறியப்படாத ஒரு குறிப்பிட்ட மனிதரின் முழத்தால் அளந்து தருவதாகப் பேசுவது செல்லாது என்று இமாம் குதூரி (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 428, கி.பி. 1037) முதலானோர் எழுதினர். சரக்கு வந்து சேர்வதற்குள் அம்மனிதர் இறந்துவிட்டால் அவருடைய முழமும் அவரோடு போய்விடும். பின்னர் எதை வைத்து அளப்பது? அளவை ஒரு மனிதரின் உடலோடு பிணைந்திருக்கலாகாது என்னும் கருத்து இங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சட்டமாகிவிட்டது.

துணி விற்பனையில் மற்றொரு நுட்பமும் உண்டு. 10 முழம் என்று சொல்லி மொத்தமாக ஒரு விலை பேசப்பட்ட துணி 9 முழமாக இருந்தால், வாங்கியவர் முழு விலைக்கு ஏற்கலாம் அல்லது விட்டுவிடலாம்; கூடுதலாக இருந்தால் மிகுதி அவருக்கே உரியது. முழத்துக்கு இவ்வளவு என்று விலை பேசியிருந்தால் குறைவுக்கு ஏற்ப விலை குறையும்; கூடுதலுக்கு ஏற்ப உயரும். 'எட்டு முழ வேட்டி' என்று வாங்கியது 3.66 மீட்டருக்குச் சில விரற்கடை குறைந்திருக்கக் காண்பவர், இவ்விரண்டில் எவ்வகையில் பேசி வாங்கினார் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். கஃபனுக்குத் துணி எடுக்கும்போதும் 'இத்தனை கஜம்' என்று வழங்கிவரும் எண்கள் வசதிக்கானவையே. தலை முதல் கால் வரை மூடி முடிச்சிடப் போதுமா என்பதே அளவு. அங்கே கோல் மறைந்தவரின் உடல்தான்.

இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் எடை அளவைத் தரச் சட்டம் மீட்டர் முறையைக் கொண்டுவந்தது. படிப்படியாக 1960களின் தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. இன்று 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் அதன் இடத்தில் உள்ளது. பூக்கடையில் மட்டும் கை முழம் விடாது வாழ்கிறது. விற்பவர் கை சிறிதானால் வாங்குபவர்க்குக் குறையும். சிறிய தொகையானாலும், அளவில் மோசம் செய்வோர்க்கென ஓர் அத்தியாயமே இறங்கியுள்ள சமுதாயத்துக்கு இது சிறிய செய்தி அன்று.

முடிவாக

பழைய வக்ஃபு ஆவணத்திலோ மார்க்க நூலிலோ முழம் அல்லது கஜம் என்று காணும்போது நாம் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ள வேண்டும். முதலாவது, அது எந்தக் கோல்: கடை முழமா, தச்சு முழமா, ஷரயீ கஜமா, ஆங்கிலக் கஜமா? இரண்டாவது, அளக்கப்படுவது நீளமா, பரப்பா, கன அளவா? மூன்றாவது, சட்டம் அங்கே துல்லியத்தை வேண்டுகிறதா, ஏறத்தாழ உள்ள அளவை ஏற்கிறதா? ஒரு சாண் நிலத்தை அநீதியாகக் கைப்பற்றுவதன் தண்டனையை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்க, வக்ஃபு நிலத்தின் எல்லையை அளப்போர் முதல் வினாவைக் கேளாமல் நாடாவை விரிப்பது அச்சத்துக்குரியது. முழத்தையும் கஜத்தையும் சதுரமாக்கும்போது 4 சதுர முழமே 1 சதுர கஜம். 1 சதுர கஜம் 9 சதுர அடி. இதில் தவறினால் இழப்பது ஏழைகளுக்கும் பள்ளிக்கும் உரிய சொத்து.

கல்லில் கோலை வெட்டிவைத்த முன்னோரும், கோலின் பெயரைச் சொல்லாமல் எண்ணைச் சொல்லத் தயங்கிய இமாம்களும் நமக்கு விட்டுச்சென்ற பாடம் ஒன்றே. அளவைச் சொல்லும்போது அளவுகோலையும் சொல்லுங்கள். நம் மத்ரஸாக்களில் ஃபிக்ஹுப் பாடம் நடத்தும்போது ஒரு மீட்டர் நாடாவும் உடனிருக்குமானால், அடுத்த தலைமுறையின் விவாதங்கள் பாதியாகக் குறையும். உண்மையை அல்லாஹ்வே நன்கறிந்தவன்.